தலைகீழாக மாட்டிய தந்திகள்

"அதக் கழட்டாதீங்க!"

செல்வி போட்ட சத்தத்தில் ராமதாஸ் கையில் பிடித்த குறட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

முத்தியால்பேட்டையில், தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே மூச்சுவிட இடமில்லாமல் இருக்கிறது அவருடைய பட்டறை. ஊரில் உள்ள கல்யாணக் கச்சேரிக் குழுக்கள் கீழே போட்டு உடைக்கும் மைக், ஆம்ப்ளிஃபையர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் அங்கேதான் வைத்தியம். இப்போது மேசைமேல் சிவப்பு எலெக்ட்ரிக் கிடார் ஒன்று மல்லாந்து கிடந்தது. கழுத்தின் உச்சியில், தந்திகள் பள்ளத்தில் பதிந்து உட்கார ஒரு சின்ன வெள்ளைப் பட்டை இருக்கும். நட் என்பார்கள். அதைத்தான் அவர் பிடுங்கிக் குப்பையில் போடப் போனார்.

"யாரும்மா நீங்க? கடைக்குள்ள வந்து கத்தறீங்க?"

"என் பேரு செந்தமிழ்ச்செல்வி. துப்பறியும் ஆபீஸ் வெச்சிருக்கேன். இவரு கலியமூர்த்தி."

"அவங்க மூளை, நான் ஸ்கூட்டர்," என்றார் கலியமூர்த்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே.

செல்வி போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்தவள். மேலதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட மறுத்தாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவளிடம் கேட்டால் பதில் வராது, முறைப்புதான் வரும். கலியமூர்த்தி, மில் மூடிய பிறகு வாயை மட்டும் மூலதனமாக வைத்துக்கொண்டு அவளிடம் சேர்ந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் அவளுக்கு அண்ணன். சம்பளம் கொடுப்பவள் என்பதால் அவருக்கு அவள் செல்விம்மா.

இருவருக்கும் பின்னால், கடை வாசலிலேயே நின்றுவிட்டாள் சரிதா. கிடாரைப் பார்த்தபடி, கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றை விரலால் இறுகப் பிடித்திருந்தாள். அந்தக் கயிற்றுக்கு நாளைக் காலை வரைதான் ஆயுள்.

அவளுடைய கணவன் வினோத்குமார் பகலில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை செய்தான். மாலையில் கச்சேரிகளில் கிடார் வாசித்தான். சரிதா அதே குழுவில் பாடகி. மேடையில் பார்த்துப் பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவன் கச்சேரிக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. வேலை முடிந்து கிளம்பிவிட்டான் என்றது கம்பெனி. பைக் துறைமுகத்திலேயே நின்றது. படகுத்துறை ஓரம் செருப்புக் கிடந்தது. கடலில் விழுந்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. உடல் மட்டும் கிடைக்கவில்லை.

இப்போது வைகாசி. வினோத்தின் அம்மா ஆதிலட்சுமி, அமாவாசையன்று மகனுக்குக் கருமாதி என்று சொல்லிவிட்டாள். நாளைதான் அமாவாசை. விடிந்ததும் கடற்கரையில் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துவிட்டு, சரிதாவின் தாலியைக் கழற்றிப் பாலில் போடுவார்கள்.

நேற்று குழுவின் மைக்கைச் சரிசெய்யக் கொடுக்க வந்த சரிதா, இந்தக் கிடார் இங்கே தொங்குவதைப் பார்த்தாள். ஸ்டேஷனுக்கு ஓடினாள். "வித்துட்டுப் போய் விழுந்திருப்பாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று காலை செல்வியின் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். "அவரு சாவலக்கா. எப்படின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. நாளைக்குள்ள நீங்க சொல்லுங்க" என்றாள். செல்விக்கு மறுக்க வாய் வரவில்லை.

"இது அவரு கிடார்தானா சரிதா? செவப்பு கிடார் ஊர்ல எவ்வளவோ இருக்கும்."

"பின்பக்கம் திருப்பிப் பாருங்கக்கா. ஆயுத பூஜைக்கு நான் கற்பூரம் ஏத்தி வெச்சி கருகிப்போன எடம் இருக்கும். அதுக்கு என்கிட்ட பேசாம கோவிச்சிகினு இருந்தாரு."

கலியமூர்த்தி திருப்பினார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு கருகல் இருந்தது. "அங்க அடையாளம் சரியா இருக்கு. ஆதார் கார்டே வேணாம்."

ராமதாஸுக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க பாருங்க மேடம். பேங்க்ல வேல செய்யற ஒருத்தர் சண்டே மார்க்கெட்ல வாங்கினாராம். வாசிச்சா ஒரே கரகரன்னு சத்தம், சரிபண்ணிக் குடுன்னு விட்டுட்டுப் போனாரு. நான் பாத்தா தந்தி பூரா தலைகீழா மாட்டியிருக்கு. கனமான தந்தி இருக்க வேண்டிய எடத்துல மெல்லிசு, மெல்லிசு இருக்க வேண்டிய எடத்துல கனமானது. தோள்ல மாட்டற பெல்ட்டுக்கு ஒரு குமிழ் இருக்குதே, அதக்கூட இந்தக் கொம்புல கழட்டி அந்தக் கொம்புல முடுக்கியிருக்கான். எவனோ பீச்சாங்கைக்காரன். கிடாரத் திருப்பிப் புடிச்சி வாசிக்கறவன்."

"அவரு வலது கைக்காரரு," என்றாள் சரிதா.

"பாத்தீங்களா? அவரு வித்திருப்பாரு. ஒரு பீச்சாங்கைக்காரன் வாங்கியிருப்பான். அவனும் வித்திருப்பான். போலீஸ் சொன்னதுதான் சரி." ராமதாஸ் மறுபடி குறட்டை எடுத்தார். முப்பது வருஷமாக இதே தொழில், என்னிடமா கேள்வி என்கிற தோரணை.

செல்வி குனிந்து கிடாரைப் பார்த்தாள். அவளுக்கு ஸ்வரமும் தெரியாது, தாளமும் தெரியாது. கச்சேரியில் கை தட்டுவதுகூட பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத்தான். ஆனால் ஒரு பொருளை யாரோ கையாண்ட விதம் அவளுக்குத் தெரியும்.

கலியமூர்த்தியும் தன் பங்குக்கு ஆராய்ச்சி செய்யப் போய், கிடாரின் தலைப்பக்கம் கையை வைத்தார். "ஆ!" என்று கையை உதறினார். விரலில் ரத்தம் முத்தாக நின்றது. முறுக்காணிகளில் சுற்றிய தந்திகளின் முனைகள் வெட்டப்படாமல் முள்ளுச் செடிபோல நீட்டிக்கொண்டிருந்தன.

"கிடார் கடிக்கும்னு போர்டு வெக்கக்கூடாதா முசே?" என்றார் அவர், பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதையோடு.

ராமதாஸ் முணுமுணுத்துக்கொண்டே அலமாரியில் இருந்து அயோடின் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். தந்தியோடு மல்லுக்கட்டுகிற கடையில் அது எப்போதும் இருக்கும்.

"சரிதா, வினோத் தந்தி மாத்தினா முனைய வெட்டுவாரா?"

"ஒட்ட வெட்டிடுவாருக்கா. ஒருதடவ என் மேடைப் புடவ மாட்டிக் கிழிஞ்சிடுச்சி. அதுலருந்து மொதல் வேல அதான்."

"இதுல வெட்டல." செல்வி விரலை நட்டின் பக்கம் கொண்டுபோனாள். "இந்தப் பள்ளத்துல எதையோ ரொப்பி அடைச்சிருக்கே, ராமதாஸ்?"

"அதான் சொல்ல வந்தேன். கனமான தந்தியோட பள்ளம் அகலமா இருக்கும். அதுல மெல்லிசா ஒண்ண உக்கார வெச்சா, முங்கிப்போய் கீழ இருக்கற ஃபிரெட் கம்பில தட்டும். அதனால பள்ளத்த அடைச்சி, மறுபடி மெல்லிசா ராவியிருக்கான். கோல மாவத் தூவி மேல ஒரு சொட்டு ஃபெவிக்விக் வுட்டா கல்லா எறுகிடும். வேல தெரிஞ்சவன்தான். ஆனா..."

அவர் முடிக்கவில்லை. சரிதா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டாள். "அது அவரு வேலக்கா! என் கோல மாவு டப்பாவத் தொறந்து வாரிகினு போவாரு. மார்கழில ஒருநாள் வாசல் தெளிச்சிட்டுப் பாத்தா டப்பால மாவே இல்ல."

"கச்சேரிக்காரன் எல்லாருமே அவசரத்துக்குப் பண்றதுதாம்மா," என்றார் ராமதாஸ். "அதுவும் இது சரியான கோல மாவே கெடையாது. கோல மாவுன்னா வருஷக்கணக்கா நிக்கும். இது சொத சொதன்னு இருக்கு. தந்தி அறுத்துகினு கீழ எறங்கிடுச்சி. அந்த பேங்க்காரரு சொன்ன கரகரப்பு இதனாலதான்."

செல்வி சட்டென்று நிமிர்ந்தாள். "கலியண்ணே, உங்க போனக் குடுங்க."

"யாருக்குப் பேசணும்?"

"பேசறதுக்கு இல்ல. கண்ணாடி வேணும். காகிதத்துலயே மாவுச்சத்து இருக்கும், அது ஏமாத்திடும்." பிளேடு முனையால் பள்ளத்தில் இருந்த அடைப்பைத் துளி சுரண்டி, கலியமூர்த்தியின் போன் திரைமேல் போட்டு நசுக்கினாள். அயோடின் பாட்டிலைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டாள்.

பழுப்பாக விழுந்த சொட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறியது.

"என் போனுக்குச் சனி புடிச்சிடுச்சி," என்றார் கலியமூர்த்தி.

"எட்டாங்கிளாஸ்ல பண்ணிக் காட்டியிருப்பாங்களே அண்ணே. மாவுச்சத்து இருந்தா கறுக்கும்."

"நான் ஏழாங்கிளாஸோட மில்லுக்குப் போனவன்."

"கடைல பாக்கெட் போட்டு விக்கற கோல மாவு கல்லு மாவு. அது கறுக்காது. இது அரிசி மாவு."

சரிதா ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "எங்க வீட்ல நான் பாக்கெட் மாவுதான் வாங்குவேன். அரிசி மாவுல கோலம் போடறது எங்க அத்தை மட்டும்தான். எறும்பு தின்னலன்னா அது என்னா கோலம்னு, கல்யாணமான புதுசுல என்னை நிக்க வெச்சிக் கேட்டாங்க. ஆனா, அவரு போறப்ப இந்தக் கிடார் எங்க வீட்ல இருந்துதான போச்சி? அப்ப நேரா இருந்துச்சே தந்தியெல்லாம்!"

"அப்ப அவரு போன பிறகுதான் இந்த வேல நடந்திருக்கு. உங்க அத்தை வீட்டு மாவுல. இந்த வித்தை தெரிஞ்ச கையால." செல்வி கிடாரின் உடம்பை விளக்குப் பக்கம் சாய்த்தாள். "ராமதாஸ், இந்தக் கீறலப் பாருங்க. பிக், அந்த மீட்டற வில்லை, அத வெச்சி மீட்டினதுதான?"

"ஆமா. கன்னாபின்னான்னு இழுத்திருக்கான். புதுசா கத்துக்கறவன் மாதிரி."

"தந்தி தேஞ்சிருக்கறது?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தலைப்பக்கம் மொத மூணு கட்டத்துலதான். அதுவும் கத்துக்குட்டி அமுக்கற எடம்."

"செட் பண்ணினவன் தேர்ந்த ஆளு. வாசிச்சவன் கத்துக்குட்டி. முனைய வெட்டறதுக்குக்கூட முடியல. இன்னொரு கை வந்து புடிச்சிருந்தா வெட்டியிருக்கலாம். இது ரெண்டு பேரு இல்ல, ஒரே ஆளுன்னா?"

தந்திகளை அமுக்குவது இடது கையின் வேலை என்பது அங்கே செல்வியைத் தவிர எல்லோருக்கும் பழகிய விஷயம். அவள் அதைக் காலையில் சரிதாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

"திருப்பிப் புடிச்சா அமுக்கற வேல வலது கைக்குப் போவும். இவன் இடது கைக்காரன் இல்ல, ராமதாஸ். இடது கை போன வலது கைக்காரன்."

சரிதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் வந்ததையும், அடுத்த நொடியே அந்தக் கையை நினைத்து அது காணாமல் போனதையும் செல்வி பார்த்தாள். பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

சண்டே மார்க்கெட்டில் பழைய மின்சாமான் கடை போடும் மாலாவைக் கலியமூர்த்திக்குத் தெரியும். அந்தத் தெருவில் அவருக்குத் தெரியாதவர்கள் புதிதாக வந்த நாய்கள் மட்டும்தான். கருநீலக் கறையைத் துடைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"செவப்பு கிடாராண்ணே? ஒரு அம்மா கொண்டாந்துச்சி. ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு. பழைய புடவைல சுத்தி, புள்ளையத் தூக்கறாப்ல தூக்கிகினு வந்துச்சி. நான் வாங்கிப் பின்னால சாச்சி வெச்சேன். அங்க வேணாம், முன்னால தொங்கவிடு, தெருவுல போறவங்க கண்ணுல படணும்னுச்சி. வெலகூடப் பேசல. நான் மாட்டற வரைக்கும் நின்னு பாத்துட்டுதான் போச்சி."

போன் நின்றது. ஒல்லி, கண்ணாடி. சரிதா தலையை மட்டும் ஆட்டினாள். அத்தைதான்.

செல்விக்கு ஒன்று இடித்தது. மறைக்க நினைப்பவர்கள் முன்னால் தொங்கவிடு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கோபம் வந்துவிட்டால் அவளுக்கு இடிப்பதெல்லாம் கேட்காது. அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டாள்.

"மருமக புடிக்கலன்னா வீட்ட விட்டுத் தொரத்தலாம். மகன ஒளிச்சி வெச்சிட்டு, உசுரோட இருக்கறவனுக்குக் கருமாதி பண்ணி, அவ தாலிய அறுப்பாங்களா? வாங்க அண்ணே. சரிதா, நீ ஆட்டோல பின்னால வா. நான் கூப்பிடற வரைக்கும் எறங்காத."

"அந்த நட்டு?" என்றார் ராமதாஸ்.

"நாளைக்கு வரைக்கும் தொடாதீங்க."

மகன் போன துக்கத்தில் தேங்காய்த்திட்டு வீட்டில் இருக்க முடியவில்லை என்று, ஆதிலட்சுமி ஊரின் இன்னொரு கோடியில், கதிர்காமத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வாடகைக்கு வந்திருந்தாள். அக்கம்பக்கம் யாருக்கும் அவளைத் தெரியாது. அதையும் செல்வி வழியெல்லாம் ஒரு குற்றமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டே வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கலியமூர்த்தி ஸ்கூட்டர் ஓட்டியபடி இரண்டு மூன்று ஜோக்குகளை எடுத்துவிட்டுப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை.

குறுகலான வீடு. பக்கவாட்டில் மொட்டை மாடிக்கு ஏறும் படி. வாசலில் தண்ணீர் தெளிக்கவில்லை, கோலம் இல்லை. சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும் வரை கோலம் கிடையாது. முறைப்படிதான் இருந்தது. உள்ளே நாளைக்கு வேண்டிய தேங்காய், மண்சட்டி, வாழை இலை, கோடித் துணி எல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தன.

ஆதிலட்சுமி கதவைத் திறந்தாள். மாலா சொன்ன அதே ஒல்லி, அதே கண்ணாடி.

"நாங்க சரிதாவுக்காக வந்திருக்கோம்மா. வினோத் எங்க?"

"எம்புள்ள போய்ட்டான்." பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல வந்தது பதில். கண்கள் செல்வியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தன.

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"போய்ட்டான்னு சொல்றனே. நாளைக்குக் காரியம். அவ வரணும்."

"இங்க டவரே கெடைக்கல," என்று போனைத் தூக்கிக் காட்டியபடி கலியமூர்த்தி வெளியே நழுவினார். படியில் அவர் ஏறும் சத்தம் கேட்டது. ஆதிலட்சுமி பதறி எழுந்தாள். செல்வி வாசலை மறித்து நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை, வாயில் பேச்சு இல்லை. கலியமூர்த்தியை அப்படி செல்வி பார்த்ததே கிடையாது.

"செல்விம்மா, மேல வாங்க."

மொட்டை மாடியில் ஓர் அறை. கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால், ஒரு முறம் அளவுக்குச் சின்னதாக ஒரு புள்ளிக் கோலம். காலையில் போட்டது. அதன் ஒரு ஓரத்தை எறும்புகள் வரிசையாக வந்து தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்த ஆதிலட்சுமியைப் பார்த்து செல்வி கேட்டாள். "கீழ வாசல் வெறுமையா கெடக்கு. சாவு வீடு, சரி. மேல யாருக்கும்மா கோலம்?"

ஆதிலட்சுமி படியின் தலைப்பில் உட்கார்ந்துவிட்டாள். "ஊருக்காக கீழ போடாம இருந்துடுவேன்," என்றாள். "உசுரோட எம்புள்ள இருக்கற வாசல வெறுமையா போட எனக்கு மனசு வரல."

"அப்ப அந்தப் பொண்ணோட கழுத்த வெறுமையாக்க மட்டும் மனசு வந்துச்சா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்ட பிறகுதான் செல்விக்கே அது தெரிந்தது.

"நானா கேட்டேன்?" என்றாள் ஆதிலட்சுமி. "ஐஸ் ஒடைக்கற மெஷின்ல கை மாட்டிகிச்சி. இடது கைல நடுவுல இருக்கற மூணு வெரலும் போச்சி. போலீஸ், கேஸ்னு ஆவுமுன்னு மொதலாளி வெளிய சொல்லாம அவரு கார்லயே வெளியூருக்குத் தூக்கிகினு போய் வைத்தியம் பாத்தாரு. வண்டியும் செருப்பும் அங்கயே கெடந்துச்சி. ஊரே கடல்ல போய்ட்டான்னு சொல்லிச்சி. கண்ணு முழிச்சதும் எம்புள்ள, அப்படியே இருக்கட்டும்மான்னுட்டான். என் கையப் பாத்து வந்தவ, கை இல்லாதவன வெச்சிகினு என்னா பண்ணுவா, அவளாவது வேற வாழ்க்கைக்குப் போவட்டும்னான். சரிதாகிட்ட சொன்னா நெசமாவே கடல்ல விழுந்துடுவேன்னு, என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கிகினான்."

"நடுவுல இந்தக் கிடாரு?" என்று கேட்டாள் செல்வி.

"அதுவும் மொதலாளி கார்லயே வந்து என்கிட்டதான் இருந்துச்சி. ஒருநாள் திடீர்னு கேட்டான். திருப்பி மாட்டி வாசிச்சுப் பாத்தான். மாவு கேட்டான், குடுத்தேன். சின்னப் புள்ள தத்தித் தத்தி நடக்கறாப்ல ராவும் பகலும் வாசிச்சான். வரல. ஒடைச்சி அடுப்புல வையின்னு தூக்கிப் போட்டான்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஞாயித்துக்கெழம அந்தத் தெருவழியாத்தான் சரிதா பாட்டுச் சொல்லிக் குடுக்கப் போவா. அவ கண்ணுல படணும்னுதான் முன்னால தொங்கவிடச் சொன்னேன். வாயால சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். வேற எப்படிச் சொல்றது? அவ வர்றதுக்குள்ள எவனோ வாங்கிகினு போய்ட்டான். காரியத்தயும் ரெண்டு அமாவாச தள்ளிப் போட்டேன். அதுக்குமேல சொந்தக்காரங்க விடல."

செல்விக்குத் தலை குனிந்துவிட்டது. கையில் வந்து விழுந்த துப்பு. தூக்கி ஓரமாகப் போட்டாள். பேசமுடியாத ஒரு தாய் தெருவில் தொங்கவிட்ட செய்தியை, எல்லாம் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்த ஒரு கெட்டிக்காரி படிக்கவில்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"நாம புடிக்க வந்த ஆளுதான் நமக்குத் துப்பே குடுத்தவங்க," என்றார் கலியமூர்த்தி மெதுவாக. அதில் கிண்டல் இல்லை.

படியில் சத்தம் கேட்டது. சரிதா. ஆட்டோவில் இருக்கச் சொன்னவள் எப்போதோ ஏறி வந்து, பாதிப் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மாமியாரைக் கடந்தபோது ஒரு கணம் நின்று அவள் தோளைத் தொட்டாள். பிறகு கோலத்தை மிதிக்காமல் தாண்டி, கதவுக்கு முன்னால் நின்றாள்.

"வினோத்து."

உள்ளே ஒரு கட்டில் கிறீச்சிட்டு அடங்கியது.

"நாளைக்குக் காரியம் நடக்கட்டும். நான் தடுக்கல. ஆனா எவளோ வந்து என் கழுத்துல கைய வெக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். கட்டினது நீ. நீயே வந்து கழட்டு."

"போயிடு சரிதா." கதவுக்குப் பின்னால் இருந்து வந்த குரலை அடையாளம் கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது. "எனக்குக் கை இல்ல."

"மூணு முடிச்சி. ஒரு கையால அவுக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். பத்தலன்னா என் கையச் சேத்துக்க. வெளிய வா."

தாழ்ப்பாளோடு யாரோ மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. துருப்பிடித்த தாழ். ஒரு கை போதவில்லை. ஆதிலட்சுமி எழப் போனாள். செல்வி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கதவு திறந்தது. தாடியும் குழி விழுந்த கன்னமுமாக வினோத் நின்றான். இடது கையைத் துண்டில் சுற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான். சரிதா அவன் முகத்தையும் பார்க்கவில்லை, கையையும் தேடவில்லை. திரும்பி நின்று, பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, பிடரியை அவனுக்குக் காட்டினாள்.

"கழட்டு."

அவனுடைய வலது கை வந்து முடிச்சைத் தொட்டது. மஞ்சளும் வேர்வையும் ஏறி இறுகிய முடிச்சு. அசையவில்லை. கை அதையே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் துண்டு கீழே விழுந்தது. இன்னொரு கையும் வந்தது. ஒரு கட்டைவிரல், ஒரு சுண்டுவிரல், நடுவே ஒன்றுமில்லை. கலியமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு கைகளும் முடிச்சின்மேல் இருந்தன. எதையும் அவிழ்க்கவில்லை.

"கழட்டறதுன்னா கழட்டு," என்றாள் சரிதா, திரும்பாமல். கண்ணீர் கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது. "இல்லன்னா, இந்தக் கைய எடுக்காத."

அவன் அவள் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதான். கையை எடுக்கவில்லை.